கிளிக்குத் தலை வைத்த குடும்பம்

மகனுக்கு,

நான் நலம். நீ நலமா என்று கேட்கப்போவதில்லை. வாயைத் திறக்காமலே காலம் தள்ளுகிறவர்களுக்கு உடம்புக்கு ஒன்றும் வந்துவிடாது. வண்டன்மேட்டில் உன் மாமனார் வீட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். என்னைக் காணோம் என்று உன் பெரியப்பன் வீட்டில் தேடியிருப்பார்கள், வாளையாரில் நீ வேலை பார்க்கும் லாரி ஆபீசுக்கும் ஆள் அனுப்பியிருப்பார்கள். கோயில் குளத்துக்குப் போயிருப்பாள் என்று நீயும் ஏதாவது சொல்லி அனுப்பியிருப்பாய். கோயிலுக்கு இல்லை. உன் பெண்டாட்டி வசந்தாவைப் பார்க்க வந்தேன். ஆடிக்கு அம்மா வீட்டுக்கு அனுப்பிய பெண்ணை ஐப்பசி போயும் அழைத்துக்கொள்ளாமல், இந்தக் கார்த்திகைக்குள் பெரியவர்களைக் கூட்டி உறவைத் தீர்த்துவிடுவது என்று உன் பெரியப்பன் நாள் குறித்திருக்கிறாரே, அந்த நாளுக்கு முன்னால் இந்தக் கடிதம் உன் கையில் இருக்க வேண்டும். அவசரம்தான். அதற்காகச் சுருக்கி எழுதமாட்டேன். சுருக்கமாகச் சொன்ன எதுவும் இதுவரை உனக்கு ஏறியதில்லை.

எல்லாம் ஒரு மரக்கிளியின் தலைக்காக. வெளியே சொன்னால் சிரிப்பார்கள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வந்த உத்தமபாளையத்து அம்மாள் ஒருத்தியிடம் சொன்னேன், அவள் நிஜமாகவே சிரித்தாள். தை மாதம் உன் கல்யாணத்துக்குச் சீராக வந்த, அவர்கள் வீட்டில் புழங்கிய அந்தப் பழைய ஈட்டி மரக் கட்டில் லாரியிலிருந்து இறங்கியபோது வந்திருந்த உறம்பரை சனம் மொத்தமும் வாசலில்தான் நின்றது. உன் பெரியப்பன் விரல் முட்டியால் காலைத் தட்டிப் பார்த்தார். பெரியம்மா சட்டத்தைத் தூக்கிப் பார்த்து, கனம் இருக்கிறது என்றாள். தேக்கா ஈட்டியா என்று மாப்பிள்ளைமார் இரண்டு பேர் வாதாடினார்கள். தலைமாட்டுப் பலகையின் மேல்விளிம்பில் ஒரு கொடி ஓடுவதையும், அதன் இரண்டு முனையிலும் இரண்டு கிளிகள் பலகையை விட்டு எழும்பி உட்கார்ந்திருப்பதையும் யார் பார்த்தார்கள்? ஒருவரும் பார்க்கவில்லை. நானும்தான் பார்க்கவில்லை, சமையல்கட்டில் கிடந்தேன். சீர் என்றால் எடை, மரம் என்றால் சாதி, இது இரண்டும் தெரிந்தால் நம் வீட்டு ஆட்களுக்குப் போதும். அதில் ஒருவன் உட்கார்ந்து மாதக்கணக்கில் இறகு இறகாகச் செதுக்கியிருக்கிறானே என்பதெல்லாம் கண்ணில் படாது.

ஆடி பிறந்து வசந்தா ஊருக்குப் போனாள். போன கையோடு உனக்கு மஞ்சள் காமாலை வந்தது. லீவு போட்டுவிட்டு வீட்டில் வந்து படுத்தாய். பெரியப்பன் தோட்டத்து மோட்டார் கருகியது, சினை மாடு ஒன்று செத்தது. மோட்டார் கருகியதற்குக் காரணம் தண்ணீர் இல்லாத கிணற்றில் அதை ஓடவிட்டது. மாடு செத்ததற்குக் காரணம் வைத்தியரைக் கூப்பிடாமல் வேப்பிலை அடித்தது. ஆனால் இப்படிக் காரணம் சொன்னால் குற்றம் நம் தலையில் விழுமே. வேறு யார் தலையிலாவது போட வேண்டுமே. அந்த நேரம் பார்த்துத்தான் உன் பெரியம்மா உனக்குக் கீழாநெல்லி அரைத்துக்கொண்டு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள், நிமிர்ந்தாள், கிளியைப் பார்த்தாள்.

"ஏனுங்க, இங்க வந்து பாருங்க. சோடிக்கிளியில ஒண்ணுக்குத் தலையக் காணமுங்க."

பெரியப்பன் வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பார்த்தார். "பையன் எந்தப் பக்கம் படுக்கறான்?" என்று கேட்டார். செவுத்துப் பக்கம் என்றாள். தலையில்லாத கிளியும் செவுத்துப் பக்கம்தான். அவ்வளவுதான், அது ஆண் கிளி என்று முடிவாகிவிட்டது. மரக்கிளியில் ஆண் எது பெண் எது என்று கண்டுபிடித்த மேதாவிகளை நான் என் ஆயுசில் அன்றைக்குத்தான் பார்த்தேன். ஆண் கிளிக்குத் தலை போனால் ஆம்பளைக்குத் தலை போகும் என்று ஜோசியனும் சொல்லிவிட்டான். "பின்னமான உருவம் ஊட்டுல இருக்கப்படாதுங்க. ஆத்துல உடோணும், இல்லீன்னா முழுசாக்கோணும்" என்றான். ஆற்றில் விட உன் பெரியப்பனுக்கு மனசு வருமா, ஈட்டி மரமாயிற்றே. கட்டில் வேண்டும், கட்டிலோடு வந்தவள்தான் வேண்டாம். பெரியம்மாவுக்கு ஒரு யோசனை தோன்றியது, அதையும் எழுதிவைக்கிறேன், உன் பிள்ளைகுட்டிகள் படித்துத் தெரிந்துகொள்ளட்டும். "மேல இருக்கற கிளி, கொடி அத்தனையும் சீவித் தள்ளிப்போட்டு சன்மைக்கா ஒட்டிப்போட்டா பளபளன்னு இருக்குமுங்க" என்றாள். டவுனில் யார் வீட்டிலோ பார்த்தாளாம்.

தலையை ஒட்டும்வரை வசந்தா அங்கேயே இருக்கட்டும் என்று முடிவாயிற்று. அவள் அப்பாவுக்குப் போன சேதியையாவது ஒழுங்காகச் சொன்னீர்களா? "கட்டிலில் ஒரு குறை இருக்கிறது, சரிசெய்துவிட்டு அழைத்துக்கொள்கிறோம்" என்று மட்டும் சொல்லி அனுப்பினீர்கள். அந்த மனுஷர் கால் விரிசல் விட்டிருக்கும், சட்டம் கழன்றிருக்கும் என்று நினைத்து, வேறு கட்டில் அனுப்பட்டுமா என்று கேட்டுவிட்டார். அதற்குப் பதில் இல்லை. ஆவணி போயிற்று, புரட்டாசி போயிற்று. தலை தீபாவளிக்கு மாப்பிள்ளை வருவான் என்று இங்கே புதுவேட்டி எடுத்து வைத்திருந்தார்கள். நீ போகவில்லை. வாளையாரில் உன் அறையில் படுத்து டிரான்சிஸ்டர் கேட்டுக்கொண்டிருந்தாயாம். அந்த வேட்டியை இவர்கள் இன்னும் மடிப்புக் கலையாமல் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள், நேற்று என் கண்ணால் பார்த்தேன்.

தலை ஒட்டிய வைபவத்துக்கு வருகிறேன். முதலில் பெரியப்பன் பிடித்துவந்தது ஆசாரியைக்கூட அல்ல, கோயில் கோபுரத்துப் பொம்மைகளைப் பூசி வர்ணம் அடிக்கிற சுதை வேலைக்காரன் ஒருவனை. சாமிக்கே தலை வைக்கிறவன், கிளிக்கு வைக்கமாட்டானா என்பது அவர் கணக்கு. அவன் மரத்தூளையும் பசையையும் பிசைந்து உருட்டி, கொழுக்கட்டை மாதிரி கழுத்தில் அப்பி, விரலால் மூக்கை இழுத்துவிட்டான். காய்ந்ததும் பார்த்தால் வாத்து. அதோடு விட்டானா, பச்சை வர்ணம் அடித்து மூக்குக்குச் சிவப்பும் வைத்தான். கருத்த ஈட்டிக் கட்டிலில், உடம்பு கறுப்பாகவும் தலை பச்சையாகவும் ஒரு பிராணி உட்கார்ந்து என்னைப் பார்த்தது. பெரியப்பன் இரண்டு நாள் அதைச் சுற்றிச் சுற்றி வந்து, "தூரத்துல இருந்து பாத்தா நல்லாத்தான் இருக்குது" என்றார். கட்டிலைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டா படுப்பார்கள். அடுத்த வாரம் மழை ஈரத்தில் மூக்கு இளகித் தொங்கிவிட்டது. ஜோசியன் அதைப் பார்த்து, இது முன்னதைவிட மோசம் என்றான். அவன் பிழைப்பு அவனுக்கு.

அப்புறம்தான் பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூரிலிருந்து ஆசாரி வந்தான். வேலை தெரிந்தவன்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் கூலி கொடுக்கிறவர் இரவைப் பகல் என்றால் பகல் என்பான். சுடுதண்ணீரில் துணியை நனைத்துப் போட்டுப் போட்டு அந்தப் பச்சைக் கொழுக்கட்டையை ஊறவைத்துப் பெயர்த்தான். அப்புறம் உளியை எடுத்து, புதுத் துண்டு பதிந்து உட்கார வேண்டுமே என்று பழைய கழுத்தைத் தட்டையாகச் சீவ ஆரம்பித்தான். நான் காப்பி கொண்டுபோய் வைத்தேன், பக்கத்திலேயே நின்றேன். உளிக்கு வந்த சீவலைப் பார்க்கிறேன், கறுப்பாக, மெழுகு மாதிரி வருகிறது. கையில் எடுத்து நசுக்கினேன். பாத்திரம் கழுவிக் கழுவித் தேய்ந்த கை இது, நேற்றுப் பிடித்த கரி எது, வருஷக்கணக்கில் ஏறிய பிசுக்கு எது என்று எனக்குத் தெரியாதா. தையில் வந்த கட்டில், அதற்குப் பிறகு ஒடிந்திருந்தால் ஒடிந்த இடம் சிவந்து, சிலாம்பு சிலாம்பாக அல்லவா இருக்கும். அந்தக் கழுத்து உரல் விளிம்பு மாதிரி உருண்டு வழவழத்துப் போயிருந்தது. ஆடியிலேயே யாராவது ஒரு விரலால் தொட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். தோஷம் ஒட்டிக்கொள்ளும் என்று ஒருத்தரும் தொடவில்லை.

"ஏனுங்க மாமா, நாலஞ்சு மாசத்து ஒடிவுக்குள்ள இத்தனை பிசுக்கு எப்படீங்க ஏறும்?" என்று உன் பெரியப்பனிடம் கேட்டேன்.

"மரத்தப் பத்தி உனக்கென்ன தெரியும். போயி அடுப்பப் பாரு."

ஆசாரியைப் பார்த்தேன். அவன் பெரியப்பன் முகத்தைப் பார்த்தான். "ரெண்டும் ஆகலாமுங்க" என்று சொல்லிவிட்டு மிச்சத்தையும் சீவினான். சீவிய இடத்தில் மூங்கில் ஆணிக்குத் துளையும் போட்டுவிட்டான். அதோடு சாட்சி போயிற்று.

தனியாக அவன் ஒரு தலை செதுக்கினான், ஈட்டித் துண்டிலேயே. நல்ல தலை. கண், மூக்கு, கழுத்து இறகு எல்லாம் இருந்தது. ஆணியில் செருகினால் எந்தப் பக்கமும் திரும்பும். பசை காய்ச்சி ஒட்டிவிட்டால் பிறகு திருப்ப முடியாது. அந்த ஞாயிற்றுக்கிழமை நீயும் வந்திருந்தாய். பழையபடியே செய்தால்தான் தோஷம் தீரும், மாற்றி வைத்தால் இரட்டிப்பாகும் என்று ஜோசியன் சொல்லியிருந்தானாம். ஆசாரி பசைச் சட்டியை அடுப்பில் ஏற்றிவிட்டு, "ஏது பக்கம் நோக்கியிருந்ததுன்னு சொல்லுங்கோ. ஒட்டியா ஒட்டினதுதான், பின்னெ என்னைக் குறை பறயக்கூடாது" என்றான். அப்போது அந்த அறையில் நடந்ததை நீ மறந்திருப்பாய், நான் மறக்கமாட்டேன். சோடியைப் பார்த்திருக்கும் என்றார் பெரியப்பன். இல்லை, பின்னால் திரும்பி முதுகைக் கோதிக்கொண்டிருந்திருக்கும், அவர்கள் வீட்டு லட்சணம் அப்படி என்றாள் பெரியம்மா. வாசலைப் பார்த்தது என்றார் ஒரு மாமன். அத்தனை பேரும் அந்தக் கிளியால் குடும்பமே அழியப்போகிறது என்று அடித்துச் சொன்னவர்கள். அது எந்தப் பக்கம் பார்த்தது என்று சொல்ல ஒருத்தருக்கும் துப்பில்லை. பசை பொங்கி நாறியது. கடைசியில் பெரியப்பன் உன்னைக் கேட்டார்.

"ஏன்டா தம்பி, நீதான அதுல படுத்திருந்தவன். நீ சொல்லு."

"கவனிக்கலீங்க பெரியப்பா" என்றாய். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாய்.

அது தெரிந்தவள் ஒருத்தி இருக்கிறாளே, பிறந்ததிலிருந்து அந்தக் கட்டிலில் புரண்டவள், அவளைக் கேட்டால் என்ன என்று நான் சொன்னேன். பெரியப்பன் வெற்றிலையை எடுத்தார். பெரியம்மா வெளியே போனாள். அன்று மத்தியானம்தான் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு பெண் இருக்கிறது, இதைத் தீர்த்துவிட்டால் மார்கழி போய்த் தையில் முடித்துவிடலாம் என்ற பேச்சு என் காதில் விழுந்தது. ஆக, கிளிக்குத் தலை முளைத்தாலும் முளைக்காவிட்டாலும் வசந்தா வரப்போவதில்லை. நீ அங்கேதான் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தாய். மோர் வேண்டும் என்று கேட்டாய்.

சின்ன வயசிலிருந்தே உனக்கு அடக்கமான பிள்ளை என்று பேர். பெரியப்பன் மகன் பம்பு செட்டு ரூம் கண்ணாடியை உடைத்துவிட்டு உன் மேல் போட்டபோது, நீ ஒரு வார்த்தை சொல்லாமல் அடி வாங்கிக்கொண்டு நின்றாய். எவ்வளவு பொறுமை பாரு என்று ஊரே மெச்சியது. நானும்தான் மெச்சினேன், வெட்கக்கேடு. உன் பொறுமையால் அன்றைக்கு உன் முதுகு மட்டும்தான் வீங்கியது, போகட்டும். இன்றைக்கு உன் வாய் மூடியிருப்பதால் அடி விழுவது வேறொருத்திக்கு. அதற்குப் பேர் அடக்கம் இல்லை. உன் அப்பா அப்படியில்லை. எல்லைக்கல்லைத் தள்ளி நட்டுவிட்டு, பாட்டன் காலத்திலிருந்தே இங்கேதான் இருக்கிறது என்று உன் பெரியப்பன் நாலு பேர் முன்னால் சொன்னபோது, "அது பொய்யுங்கண்ணா, போன வாரம் அக்கட்டால இருந்துச்சு" என்றார். அண்ணன் ஒரு வருஷம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதனால் குடி முழுகிவிடவில்லை, வயல் விளைந்தது, நாங்கள் சாப்பிட்டோம். உன் அப்பா போனபிறகு பெரியப்பன் உன்னைப் படிக்கவைத்தார் என்பது உண்மை. படிக்கவைத்தவர் உன் நாக்கையும் சேர்த்தா எழுதி வாங்கிக்கொண்டார்?

மறுநாள் விடியற்காலை, ஆசாரி ஒட்டாமலே வைத்துவிட்டுப் போன தலையை ஒரு துண்டில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். பொள்ளாச்சி, உடுமலை, பழனி என்று மாறி மாறி வந்து, தேனி தாண்டிக் கம்பத்தில் இறங்கி, கம்பம்மெட்டு ஏறும் ஜீப்பில் ஏலக்காய் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்துவந்தேன். எந்தப் பக்கம் பார்த்தது என்று அவளிடம் கேட்டுக்கொண்டு வந்துவிட்டால் உங்கள் எல்லோர் வாயையும் அடைத்துவிடலாம் என்று நினைத்தேன். என் புத்தியும் அவ்வளவுதான்.

இந்தக் குடும்பம் நம் பக்கத்திலிருந்து மலையேறிப் போனதுதான், ஆனால் பேச்சு முழுக்கக் கம்பத்துப் பேச்சாகிவிட்டது. உன் மாமியார் என்னைப் பார்த்ததும் அழைத்துப்போக ஆள் வந்துவிட்டது என்று நினைத்து, வசந்தாவைக் கூப்பிட்டுப் புடவை மாற்றச் சொன்னாள். நான் துண்டை அவிழ்த்துத் தலையை எடுத்து வைத்தேன்.

"என்னக்கா இது, கிளித்தலை?"

"உங்க கட்டிலுக்குத்தானுங்க. ஒடிஞ்சுபோன தலைக்குப் பதிலா. எந்தப் பக்கம் பாத்து ஒட்டோணும்னு கேட்டுட்டுப் போக வந்தேன்."

உன் மாமியார் அதை என் பக்கமே நகர்த்தி வைத்தாள். "அது மொட்டைக்கிளிக் கட்டிலாச்சேக்கா" என்றாள். "அதுக்கு ஏது தலை? எங்க மாமனார் கம்பத்துல செஞ்சு, ரோடு இல்லாத காலத்துல ஆள் வச்சுத் தலைச்சுமையா ஏத்திட்டு வந்தாக. வரும்போதே பாறையில இடிச்சு அது போயிருச்சு. எங்க வீட்டுக்காரவுக பொறக்கறதுக்கு முந்தி. இந்த வீட்ல ஏழு பிள்ளைக பொறந்தது அதுலதான். பரீச்சைக்குப் போனாலும் ஏலத்துக்குப் போனாலும் அந்தக் கழுத்த ஒரு தடவு தடவிட்டுத்தான் போவாக."

வசந்தா கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். ஆடியிலிருந்து நடந்த அத்தனையையும் அவளுக்குச் சொன்னேன், ஆண் கிளி, பெண் கிளி, ஜோசியன், பச்சைத் தலை, பொள்ளாச்சிப் பெண், ஒன்றையும் மறைக்கவில்லை. காமாலை வந்ததைக்கூட அவளுக்கு இதுவரை யாரும் சொல்லவில்லை. முழுக்கக் கேட்டாள். பிறகு நீ கவனிக்கவில்லை என்று சொன்னதைச் சொன்னேன். புதுசாகக் கல்யாணமானவன், ஆம்பளைப் பையன், கட்டில் வேலைப்பாட்டையெல்லாம் பார்க்கத் தெரியாது என்று உனக்காகப் பரிந்து வேறு பேசினேன்.

"அவுகளுக்குத் தெரியுமே அத்தை" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. அவள் தலையைக் குனியாமல் சொன்னாள். கல்யாணமான முதல் வாரமே அந்தக் கட்டிலைப் பற்றி உனக்குச் சொன்னாளாம். உன் கையைப் பிடித்து அந்தக் கழுத்தில் வைத்துத் தடவச் சொன்னாளாம். நீ தடவிவிட்டுச் சிரித்தாயாம். "நல்லதாப் போச்சு, ஒண்ணாவது நம்மளப் பாக்காது" என்றாயாம். ஒவ்வொரு தடவையும் வாளையாருக்குக் கிளம்பும்போது நீயும் அதைத் தடவிவிட்டுத்தான் போவாயாம். இதை ஒரு மாமியாரிடம் சொல்ல எந்தப் பெண்ணுக்குக் கூசாது? அவள் கூசிக்கொண்டிருந்தால் இன்னும் நான் உன்னை அப்பாவி என்றே நினைத்துக்கொண்டிருப்பேன்.

அடப்பாவி, உனக்குத் தெரிந்திருக்கிறது. பெரியம்மா கூப்பாடு போட்ட அன்றே தெரியும். காமாலையோடு அந்தக் கட்டிலிலேயே படுத்துக்கொண்டு, தலைக்கு மேல் அவர்கள் பேசியதை எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாய். பச்சைத் தலையை அப்பும்போது தெரியும், ஆசாரி கழுத்தைச் சீவும்போது தெரியும், எந்தப் பக்கம் பார்த்தது என்று உன்னை நேராகக் கேட்டபோதும் தெரியும். இல்லாத தலைக்குப் பசை காய்ச்சுகிறார்களே என்று உனக்குச் சிரிப்பாவது வந்திருக்க வேண்டாமா. ஒரு வரி. அதுக்கு எப்பவுமே தலை கிடையாதுங்க பெரியப்பா என்று ஒரு வரி சொல்லியிருந்தால் ஆடியோடு முடிந்திருக்கும். சொன்னால் பெரியப்பன் முகம் சுண்டும், பாகம் பிரிக்கும்போது கோபம் வைத்துக்கொள்வார், அதுதானே. உன் பெரியப்பன் மூடர், அவர் பெண்டாட்டி அவரைவிட மூடம், அவர்களை எனக்குப் புரிகிறது. அவர்கள் நம்பினார்கள். நீ நம்பவில்லை, ஆனாலும் கூடவே தலையாட்டினாய். அந்த அறையிலேயே கேவலமான ஆள் நீதான். பெற்றவள் இப்படி எழுதலாமா என்று யோசித்தேன். பெற்றவள்தான் எழுத வேண்டும், வேறு யாருக்கு அந்தத் தலையெழுத்து.

இன்னொன்றும் கேட்டுக்கொள். வசந்தா அந்தப் புதுத் தலையைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "நல்லாத்தான் செஞ்சிருக்காக. ஆனா இது வேண்டாம் அத்தை. கட்டில் எப்படி இருந்துச்சோ அப்படியே அனுப்பச் சொல்லுங்க" என்றாள். பிறகு, "கழுத்த ஒண்ணும் பண்ணிறலையே?" என்று கேட்டாள். அதைச் சீவித் துளை போட்டாயிற்று என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. இத்தனை பேர் கைபட்டுத் தேய்ந்த இடம், இனி எந்த ஆசாரி வந்து அதைத் திருப்பிக் கொடுப்பான். நான் வந்ததிலிருந்து அவள் அழுதது அந்த ஒரு தடவைதான். உனக்காக என்று நினைத்துக்கொள்ளாதே.

இப்போது நீ என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறேன். கூட்டம் கூடுகிற அன்று போ. நாலு பேர் முன்னால் எழுந்து நின்று, அந்தக் கிளிக்குத் தலையே இருந்ததில்லை, எனக்குத் தை மாதமே தெரியும், தெரிந்துகொண்டே சும்மா இருந்தேன் என்று சொல். பெரியப்பனைக் குறைசொல்லாதே, ஜோசியன் மேல் போடாதே, காய்ச்சல் மயக்கத்தில் இருந்தேன் என்று பூசி மெழுகாதே. சொல்லிவிட்டுக் கட்டிலை லாரியில் ஏற்று, லாரி ஆபீசில்தானே உத்தியோகம், அதுகூடவா முடியாது. கட்டிலோடு நீயும் வா. அவர்கள் உன்னைச் சேர்க்கமாட்டேன் என்றால் போகட்டும், உழைக்கக் கையும் காலும் இருக்கிறது. சொல்ல முடியாது என்றால் வராதே. பொள்ளாச்சிப் பெண்ணைக் கட்டிக்கொள், சன்மைக்கா ஒட்டிய கட்டிலில் படு, அந்தக் கல்யாணத்துக்கு என்னை எதிர்பார்க்காதே. தைக்கு நான் இங்கேதான் இருப்பேன். உன் மாமனார் என்னை இருக்கச் சொல்லியிருக்கிறார், நீ என்னிடம் பேசுவதைவிட மரியாதையாகவே சொன்னார்.

நீ வந்து நின்றாலே அவள் மன்னித்துவிடுவாள் என்று கணக்குப் போட்டுக்கொண்டு வராதே, அதற்கு நான் ஜாமீன் இல்லை. அவள் அப்பா கூட்டத்துக்கு வந்து நியாயம் கேட்கிறேன் என்று கிளம்பினார், அவள்தான் வேண்டாம் என்று நிறுத்தினாள். காலையில் எழுந்து தோட்டத்துக்குப் போகிறாள், வேலையாட்களைக் காய் எடுக்கச் சொல்கிறாள், மத்தியானம் வந்து சாப்பிடுகிறாள், என்னிடம் நன்றாகவே பேசுகிறாள். இந்தக் கடிதத்தை ஒட்டும் முன்னால், சரி, அவளும் ஒரு வரி எழுதட்டுமே என்று எழுந்து போனேன். முறத்தில் ஏலக்காய் பார்த்துக்கொண்டிருந்தாள். கடிதம் எழுதி முடித்துவிட்டேன், அவனுக்கு நீ ஏதாவது சொல்ல வேண்டுமா கண்ணு என்று கேட்டேன். நான் வந்து இத்தனை நாளில் அவள் உன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் காயிலிருந்து கையை எடுக்காமலே நிமிர்ந்து, "யாருக்கு அத்தை?" என்றாள். கேலிக்குக் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை.